நகையை அடகு வைக்க வேண்டாம்: ரியாக்டா, ஆங்குலரா என்று கேட்கும் ஆம்பூர்த் தாய்க்கு

ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றின் தையல் பிரிவில் வேலை செய்யும் தாய் ஒருவர், பி.சி.ஏ. முடித்த மகளுக்காக ஆலோசனை கேட்டு எழுதியிருக்கிறார். பெங்களூருவில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் அவருடைய தம்பி, இணையப் பக்கங்களைக் கட்ட உதவும் கருவியான ஆங்குலரைத்தான் படிக்க வேண்டும் என்கிறார். கணவரின் அண்ணன் மகனோ, அதைப் போன்ற இன்னொரு கருவியான ரியாக்ட் தெரியாதவருக்கு இனி வேலையே இல்லை என்று சொல்லி, ஒன்றரை லட்ச ரூபாய்க் கட்டணத்தில் ‘வேலை உறுதி’ என்று விளம்பரப்படுத்தப்படும் ஃபுல் ஸ்டாக் (திரையில் தெரியும் பக்கம், பின்னால் இயங்கும் சர்வர், தரவுத்தளம் எல்லாம் சேர்ந்த) பயிற்சியில் சேர்க்கச் சொல்கிறார். அதற்கு நகையை அடகு வைக்கலாமா என்பதே அவருடைய கேள்வி.

வைக்க வேண்டாம், அம்மா. ரியாக்ட், ஆங்குலர், வியூ, ஸ்வெல்ட் ஆகிய நான்குமே எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலக் கருவிகள். அவற்றை உருவாக்கியவர்களே எழுதிய பாடங்களும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வேலை உறுதி என்பவர்களிடம், எந்தப் பதவி, எவ்வளவு சம்பளம், வேலை கிடைக்காவிட்டால் பணம் எப்போது திரும்பும் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

உறவினர்கள் இருவரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் இருவருமே கருவியின் பெயரைப் படிப்பாக எண்ணிவிட்டார்கள். கூகுள் 2010இல் வெளியிட்ட ஆங்குலர்ஜேஎஸ், 2016இல் அடியோடு மாற்றி எழுதப்பட்டது. பழைய வடிவத்திற்கான ஆதரவு 2021 இறுதியில் நின்றுபோனது. ஃபேஸ்புக் 2013இல் வெளியிட்ட ரியாக்டில், 2019இல் ‘ஹூக்ஸ்’ என்ற புதிய வசதி வந்தபின் நிரல் எழுதும் முறையே மாறியது. பல ஆண்டுகளாகத் தொடக்கநிலைப் பாடங்களில் முதல் படியாக இருந்த ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ கருவியை இனிப் புதிய பணிகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவினரே அறிவித்தார்கள். இத்தனை மாற்றங்களுக்கு அடியிலும் நிலைத்திருப்பவை பக்கத்தின் அமைப்பை எழுதும் எச்டிஎம்எல், தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ், அதை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றுதான். இவற்றில் கை தேர்ந்தவர், ‘நூலகம்’ எனப்படும் ரியாக்ட் போன்ற ஆயத்த நிரல் தொகுப்பு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சில வாரங்களில் மாறிவிடுவார். நூலகத்தை மட்டும் கற்றவர் ஒவ்வொரு மாற்றத்திற்கும் புதிதாகக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

நீங்கள் அனுப்பிய கல்லூரித் திட்டப்பணியையும் பார்த்தேன். பாட்டிக்குக் கண்புரை இருப்பதால், எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி அமைத்ததாக உங்கள் மகள் குறிப்பு எழுதியிருக்கிறாள். சர்வரிலும் தரவுத்தளத்திலும் அவளுக்கு ஈர்ப்பில்லை என்பதும் அந்தப் பணியிலேயே தெரிகிறது. அவளை ஃபுல் ஸ்டாக் பக்கம் தள்ளுவது அவளுக்கு நியாயமாகாது.

அவளுடைய நாட்டத்திற்குப் பொருந்தும் துறை ஒன்று இருக்கிறது. உறவினர் எவரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். பார்வையற்றோர், கை அசைவு குறைந்தோர், முதியோர் ஆகியோரும் தடையின்றிப் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை அமைக்கும் அணுகல்தன்மைப் பணிதான் அது. ஒரு பொத்தானை எச்டிஎம்எல்லின் ‘பட்டன்’ உறுப்பால் எழுதினால், அது பொத்தான் என்பதை, திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் தானே சொல்லும், டேப் விசை அதை எட்டும், என்டர் விசை அதை இயக்கும். அதே பொத்தானை ‘டிவ்’ என்ற வெறும் பெட்டி உறுப்பு கொண்டு வரைந்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் மவுஸ் பிடிக்க முடியாதவருக்கு அந்தப் பக்கம் பூட்டிய கதவுதான். தமிழ்ப் பக்கத்தில் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால், திரைவாசிப்பான் அதை வேறு மொழிக் குரலில் வாசிக்க முயன்று குழப்பிவிடும். ரியாக்டில் ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்கு முழுப் பக்கமும் புதிதாக ஏற்றப்படாமலேயே செல்லும்போது, பக்கம் மாறியதைப் பார்வையற்றவருக்கு உணர்த்தும் பொறுப்பு நிரலாளருடையது. பலர் அதைச் செய்வதே இல்லை. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது போன்ற அளவுகோல்கள், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை நெறிமுறையில் உள்ளன, அதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது.

வேலூர்ப் பகுதிக்கு இந்த அக்கறை புதிதல்ல. 1954இல் விபத்தில் இரு கால்களும் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சைகள் செய்தார், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மருத்துவப் பணிக்கு அடித்தளம் இட்டவர் அவர்.

இதில் வேலை உண்டா என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஐரோப்பாவுக்குப் போகும் தோல் காலணியில் ஆறாம் நிலைக் குரோமியம் என்ற நச்சுப்பொருள் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவைத் தொட்டாலே அங்கே விற்க முடியாது என்பதால் எத்தனை சோதனைகள் நடக்கின்றன என்பதை உங்கள் ஊர்த் தொழில் அறியும். அதைப் போலவே, ஐரோப்பிய ஒன்றியத்தில் நுகர்வோருக்கான இணைய வணிகம், வங்கிச் சேவை முதலியவை அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்ற சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. எண்ணிமச் சேவைகளை அணுகும் உரிமை வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. எனினும் அணுகல்தன்மைக்கென்றே தனிப் பதவிகள் குறைவு. ஆகவே உங்கள் மகள் இந்தத் திறனும் கொண்ட, திரையில் தெரியும் பகுதியை எழுதும் முன்முனை நிரலாளராகவே விண்ணப்பிக்க வேண்டும்.

இதற்கான செலவு, இணைய இணைப்புக்கும் வீட்டிலுள்ள கணினிக்கும் ஆவதுதான். விண்டோஸுக்கான என்விடிஏ திரைவாசிப்பான் இலவசம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் ஏற்கெனவே இருக்கிறது. குரோமில் லைட்ஹவுஸ் சோதனைக் கருவி உள்ளது. ஆனால் தானியங்கிக் கருவிகள் எல்லாப் பிழைகளையும் கண்டுபிடிக்காது. எனவே மவுஸைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் பக்கத்தை முழுவதும் இயக்கிப் பார்க்க அவள் பழக வேண்டும்.

முதல் மூன்று மாதங்கள் நூலகம் எதுவுமின்றி ஒரு பதிவுப் படிவத்தையும் ஒரு கடைப் பக்கத்தையும் அவள் இந்த முறையில் கட்டட்டும். அதன்பின் சென்னை, பெங்களூரு நிறுவனங்களின் வேலை அறிவிப்புகளை அவளே படித்து, அதிகம் கேட்கப்படும் ஒரே ஒரு நூலகத்தைத் தேர்ந்துகொள்ளட்டும். இப்போதைய நிலையில் அது ரியாக்டாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் அதே இரு பக்கங்களை மீண்டும் கட்டி, என்விடிஏவில் அவை எப்படி ஒலிக்கின்றன என்பதைப் பதிவுசெய்து விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும். அண்ணன் மகனிடம் கட்டண முன்பணம் எதுவும் கொடுத்திருந்தால், இந்த வாரமே எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள்.