குவாலிஸ் பின்பக்கம்: ஷாக்கா, பட்டையா?

அண்ணே, உங்கள் 2003 டொயோட்டா குவாலிஸ் வண்டியில் நான்கு மூட்டை நெல் ஏற்றினாலே பின்பக்கம் அமுங்குகிறது, நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டினால் மூன்று முறை குதிக்கிறது, ஷாக் (குதிப்பை அடக்கும் எண்ணெய்க் குழல்), ஸ்ட்ரட் எல்லாம் மாற்றணுமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஸ்ட்ரட் என்றால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த பாகம், குவாலிஸில் அதுவே கிடையாது. முன்னால் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு பாரம் தாங்கும் கம்பி), பின்னால் லீஃப் பட்டை (அடுக்கிய வளைந்த எஃகுத் தகடுகள்), ஷாக் தனி. யாராவது ஸ்ட்ரட்டுக்கு விலை சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

குதிப்பது ஷாக் தேய்ந்ததால். அமுங்குவது வேறு, பாரத்தைத் தாங்குவது பட்டைதான். இது தெரியாமல் நான் புது ஷாக் இரண்டு போட்டும் வண்டி வாலைத் தொங்கப்போட்டபடியே திரிந்தது. அப்புறம் அடியில் படுத்துப் பார்த்தால் இரண்டாவது பட்டை விண்டிருக்கிறது! காய்ந்த வாய்க்கால் சேறு விரிசலை மூடியிருந்தது. கழுவிவிட்டுப் பாருங்கள்.

பட்டை சரி என்றால் பின் ஷாக் இரண்டையும் ஜோடியாக, அதன் ரப்பர் புஷ்ஷோடு மாற்றுங்கள். ஆற்றங்கரை மண்சாலையில்தான் ஓட்டம் என்றால் எண்ணெயோடு கேஸும் அடைத்த கேஸ் ஷாக் நல்லது. சூட்டில் எண்ணெய் நுரைப்பது குறையும். கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பின் சீட்டுப் பெரியவர்கள் முனகுவார்கள். முன் ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இல்லையென்றால் இப்போது தொட வேண்டாம். புஷ் நட்டை வண்டி சக்கரத்தில் நிற்கும்போது இறுக்கச் சொல்லுங்கள், ஜாக்கியில் தொங்கும்போது வேண்டாம்.