பந்து மட்டையில் பட என்ன வாங்கலாம்?

சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் பருவம் தொடங்கிவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் பேஸ்பால் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மகனுக்கு 10 வயது. 29 அங்குல மட்டை போதும் என்கிறார் கோச். வளரும் பிள்ளைதானே, 31 அங்குலமாக வாங்கினால் இரண்டு வருடம் ஓடுமே? (ஒரு தந்தை, இர்விங், டெக்சாஸ்)

பதில்: வேண்டாம். பள்ளிச் சீருடையா இது, பெரிதாகத் தைத்து மடித்துவிட? 29 அங்குலமே வாங்குங்கள்.

கேள்வி: 11 வயது மகனுக்கு 350 டாலரில் மட்டை வாங்கினோம். முதல் ஆட்டத்திலேயே அம்பயர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, லிட்டில் லீக்கில் செல்லாது என்று சொல்லிவிட்டார். அடித்துப் பார்த்த மட்டையைத் திருப்பி எடுக்க முடியாது என்கிறது கடை. (ஒரு தாய், எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: உங்கள் மட்டையில் யுஎஸ்எஸ்எஸ்ஏ என்ற வேறொரு விளையாட்டு அமைப்பின் முத்திரை இருக்கும். லிட்டில் லீக் 2018 ஜனவரி 1 முதல் ‘யுஎஸ்ஏ பேஸ்பால்’ முத்திரையைக் கேட்கிறது. ஒரே மரத்தில் கடைந்த மட்டைக்கு மட்டும் முத்திரை தேவையில்லை. 350 டாலரை எடுத்து நீட்டும் முன் லீக்கின் விதியை ஐந்து நிமிடம் படித்திருக்க வேண்டும். இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் வருகிறது, ஒவ்வொரு வருடமும் இதையேதான் எழுதுகிறேன்.

“லிட்டில் லீக்குக்கு வேண்டும்” என்று நீங்கள் சொல்லி, கடைக்காரரே அதை எடுத்துக் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. மேலாளரிடம் அதைச் சொல்லி விடாமல் கேளுங்கள். அப்படி இல்லையென்றால், யுஎஸ்எஸ்எஸ்ஏ போட்டிகளில் ஆடும் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு விற்றுவிடுங்கள். உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது கேட்கப்படும் முத்திரை இன்னொன்று: பிபிகோர். அப்போதாவது பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கடையில் 400 டாலருக்கு விற்கும் கம்போசிட் (கார்பன் இழை) மட்டை இணையத்தில் 180 டாலருக்குக் கிடைத்தது. இரண்டாம் வாரமே விரிசல். வாரண்டி கேட்டால், இது நாங்கள் செய்ததே அல்ல, போலி என்கிறது நிறுவனம். விற்றவர் பதில் சொல்வதில்லை. மகன் தன் பிறந்தநாள் பணத்தையும் இதில் போட்டிருந்தான். (ஒரு தந்தை, நேப்பர்வில், இல்லினாய்)

பதில்: இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. போலி மட்டையை முத்திரை, பெயர், வரிசை எண் எல்லாம் போட்டு அசல் போலவே செய்கிறார்கள்; பழகிய கண்ணே ஏமாறும்.

கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் இன்றே எழுதுங்கள். வாங்கியது வேறு, வந்தது வேறு என்றால் அந்தத் தொகையை மறுக்க 1974-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் வழி செய்கிறது. அந்தத் தொகை இடம்பெற்ற முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் உங்கள் கடிதம் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். தொலைபேசியில் சொன்னதோடு நிற்காதீர்கள், எழுத்தில் அனுப்புங்கள். “போலி” என்று நிறுவனம் எழுதியதை இணையுங்கள். விரிசலையும் வரிசை எண்ணையும் படம் எடுத்து வையுங்கள், மட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். டெபிட் கார்டு என்றால் பாதுகாப்பு குறைவு. ஆனாலும் வங்கியிடமும் விற்பனைத் தளத்திடமும் புகார் கொடுங்கள். பையனின் பணம் திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஒன்பது வயது மகன் ஒவ்வொரு முறையும் மூன்று ஸ்டிரைக்கில், பந்தைத் தொடாமலே அவுட்டாகித் திரும்பி வருகிறான். காரில் அழுகிறான். 400 டாலர் மட்டை வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் அணியில் இன்னொரு தந்தை. (ஒரு தாய், ஃபிரீமான்ட், கலிஃபோர்னியா)

பதில்: வாங்காதீர்கள். இதில் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

விலை உயர்ந்த மட்டை வேலை செய்வது பந்து பட்ட பிறகுதான். உங்கள் மகனுக்குப் பந்து படவே இல்லை. யுஎஸ்ஏ முத்திரையின் நோக்கமே மட்டையின் துள்ளலை மரமட்டைக்குப் பக்கத்தில் கட்டிவைப்பது. விலை குறைந்த அலுமினிய மட்டைக்கும் 400 டாலர் மட்டைக்கும் வரம்பு ஒன்றே. அதுவும் கம்போசிட் குளிரில் விரிசல் விடக்கூடியது. பிள்ளையின் கண்ணீரைக் காட்டிப் பெற்றோரிடம் இவற்றை விற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் எடையைப் பாருங்கள். நீளத்தின் அங்குலத்திலிருந்து எடையின் அவுன்ஸைக் கழித்தால் வருவது ‘டிராப்’. 28 அங்குலம், 18 அவுன்ஸ் என்றால் மைனஸ் 10. மட்டையின் அடியைப் பிடித்துக் கையைப் பக்கவாட்டில் நீட்டி நிற்கச் சொல்லுங்கள். அரை நிமிடத்துக்குள் முனை தாழ்ந்தால் அது அவனுக்குக் கனம். கனம் கூடினால் கை பின்தங்கும், முனை தொங்கும், மட்டை பந்துக்குக் கீழே போகும். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் நேஷனல் லீக்கில் 8 முறை பேட்டிங் பட்டம் வென்ற டோனி க்வின் பிடித்தது, பெரிய லீக் அளவுக்குச் சிறிய மட்டைதான்.

அடுத்த ஆட்டத்தில் அவன் முன்காலைக் கவனியுங்கள். வலக்கை ஆட்டக்காரனின் இடது கால், பந்து வரும்போது மூன்றாவது பேஸ் பக்கம் விலகினால், அவனுக்குப் பந்தைக் கண்டு பயம். எந்த மட்டையும் அதைத் தீர்க்காது. டென்னிஸ் பந்தை மெதுவாக அவன்மீது எறிந்து, தாடையைத் தாழ்த்தி பின்னால் இருக்கும் கேட்சர் பக்கம் திரும்பி முதுகில் வாங்கக் கற்றுக்கொடுங்கள். வலிக்காது என்று உடம்புக்குத் தெரிந்தால் கால் நிற்கும்.

பணம் செலவழிக்கத்தான் வேண்டுமென்றால், கனமான அடித்தட்டுள்ள பேட்டிங் டீ (பந்தை மேலே வைத்து அடிக்கும் தாங்கி), ஒரு வலை, துளையிட்ட பிளாஸ்டிக் பந்துகள். நடுவில் வரும் பந்துக்கு டீ முன்காலுக்குச் சற்று முன்னால் நிற்கட்டும். உடம்பை ஒட்டி வரும் உட்புறப் பந்துக்கு இன்னும் முன்னால், வெளிப்புறப் பந்துக்குக் கொஞ்சம் பின்னால். தினமும் பதினைந்து நிமிடம் போதும். பக்கவாட்டிலிருந்து தொலைபேசியில் படம் பிடித்து இருவரும் சேர்ந்து பாருங்கள்; க்வின் 1980-களிலேயே தன் ஆட்டத்தை வீடியோவில் பதிந்து படித்தவர். கம்பியில் பந்து சுழலும் கருவி ஒன்றை 80 டாலர் கொடுத்து என் மகனுக்கு வாங்கினேன். பந்து எப்போதும் ஒரே வட்டத்தில் வந்ததால் அவன் பந்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: அடிக்கப் போகும் முன் மட்டையில் மாட்டிச் சுழற்றும் கன வளையம் வாங்கலாமா? (ஒரு தந்தை, கேரி, வட கரோலினா)

பதில்: வேண்டாம். கழற்றியதும் மட்டை லேசாகத் தோன்றும். ஆனால் அளந்து பார்த்த ஆய்வுகளில் வேகம் குறைந்துதான் இருக்கிறது.

கேள்வி: ஹோட்டல் மண்டபத்தில் ‘திறமைத் தேர்வு’ என்று அழைத்தார்கள். சனிக்கிழமை இரவு, 2,400 டாலர் பயிற்சித் தொகுப்புக்கு என் கணவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். விலக முடியுமா? (ஒரு தாய், அட்லாண்டா)

பதில்: உங்களுக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும். முடியும். ஹோட்டல் போன்ற தற்காலிக இடத்தில் 130 டாலர் அல்லது அதற்கு மேல் விற்றால், மூன்றாவது வேலை நாள் நள்ளிரவு வரை காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம் என்பது கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் (எஃப்டிசி) விதி. பயிற்சி வகுப்புகளும் இதில் அடங்கும். சனிக்கிழமையும் வேலை நாள்தான்; ஞாயிறும் கூட்டாட்சி விடுமுறைகளும் வேலை நாள் அல்ல. கையெழுத்திட்ட நாள் கணக்கில் சேராது. உங்கள் கெடு புதன் நள்ளிரவு. ரத்துக் கடிதத்தைச் சான்றஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் அவர்கள் பணத்தைத் திருப்ப வேண்டும். கையெழுத்து வாங்கும்போதே ரத்துப் படிவம் இரண்டு பிரதி தந்திருக்க வேண்டியது அவர்கள் கடமை. தரவில்லையென்றால், மாநில அட்டர்னி ஜெனரலுக்கு எழுதும் புகாரில் அதை முதல் வரியாக வையுங்கள்.