பாதிப் படையை அழித்தும் தோற்றது ஏன்?

கேள்வி: பொம்மைப் படைகளை மேசையில் மோதவிடும் வார்ஹாமர் ஏஜ் ஆஃப் சிக்மார் ஆடுகிறேன். போன ஆட்டத்தில் எதிராளியின் படையில் பாதிக்கு மேல் காலி செய்தும் தோற்றேன். 9 அங்குலத்திலிருந்து பாய்ந்த என் முக்கியப் பிரிவுக்குப் பகடை கைகொடுக்கவில்லை. அதிர்ஷ்டம்தான் காரணமா?

பதில்: பகடை மேல் பழி போடாதீர்கள். இந்த ஆட்டத்தில் எத்தனை பொம்மைகளை மேசையிலிருந்து அகற்றினீர்கள் என்பதைவிட, களத்து இலக்குகளை, அதாவது மேசையில் குறித்த இடங்களை, யார் பிடித்து வைத்திருக்கிறார் என்பதற்குத்தான் பெரும்பாலும் புள்ளி. உங்கள் வலுவான பிரிவு ஏதோ ஒரு பெரிய மிருகத்தைத் துரத்திக்கொண்டிருக்கும்போது, எதிராளியின் மலிவான (படை அமைக்கும் கணக்கில் குறைந்த மதிப்புள்ள) காலாட்கள் இலக்கின் பக்கத்தில் சும்மா நின்றே சுற்றுக்குச் சுற்று புள்ளி சேர்த்திருப்பார்கள்.

சரி, அந்தப் பாய்ச்சல். இரண்டு பகடையின் கூட்டுத்தொகை எவ்வளவோ, அத்தனை அங்குலம்தான் பாயலாம். இரண்டு பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழ 36-இல் 10 வாய்ப்புதான், 28 சதவீதம்கூட இல்லை. அதை நம்பி மொத்தத் திட்டத்தையும் வைத்ததுதான் கோளாறு.

அப்புறம், புதியவர்கள் அதிகம் அடிவாங்கும் இடம் இரட்டை முறை. சுற்றின் தொடக்கத்தில் யார் முதலில் என்று உருட்டுவதால், பின்னால் ஆடியவர் அடுத்த சுற்றில் முன்னால் வந்து தொடர்ந்து இரண்டு முறை ஆடிவிடலாம். ஆகவே உங்கள் முறையை முடிக்கும் முன், அவர் இரண்டு முறை அடித்தால் எது மிஞ்சும் என்று பாருங்கள், விலையுயர்ந்த பிரிவுக்கு முன்னால் மலிவான வீரர்களை அரணாக நிறுத்துங்கள். தோற்றால், பெட்டியில் எடுத்து வைக்கும் முன்பே எதிராளியிடம் கேளுங்கள்: எந்தச் சுற்றில் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்?