பதில்: ஐஸ்லாந்துக் கதையில் யார்ல் வரலாமா?

கி.பி. 980-இல் ஐஸ்லாந்தில் ஒரு யார்ல் (அரசருக்கு அடுத்த நிலையில் இருக்கும் பிரபு) பள்ளத்தாக்கு முழுவதையும் கட்டி ஆள்வதாக நாவலில் எழுதியிருக்கிறீர்கள். அது சரிவராதுங்க. அன்றைக்கு அங்கே அரசரும் இல்லை, யார்லும் இல்லை. கோதி எனப்படும் தலைவர்கள்தான். அவர்களுக்கு எல்லை போட்ட நிலப்பரப்பு கிடையாது, ஆதரவாளர்கள்தான் பலம். சொந்தமாகப் பண்ணை நடத்தும் விவசாயி தனக்குப் பிடித்த கோதியின் பக்கம் சேரலாம், பிடிக்காவிட்டால் வேறொருவரிடம் போகலாம். அப்புறம், கோதிப் பதவியையே விற்கலாம், பங்கு போடலாம், பரிசாகவும் கொடுக்கலாம். உங்கள் வில்லனுக்கு இதைவிட நல்ல தலைவலி கிடைக்காது!

ஐஸ்லாந்துத் தலைவர்களில் ஒருவரான கிஸ்ஸுர் தோர்வால்ட்ஸன் நார்வே அரசரிடம் யார்ல் பட்டம் பெற்றது 1258-இல்தான். யார்ல் கட்டாயம் வேண்டுமென்றால் கதையை நார்வேக்கு நகர்த்துங்கள். 980-இல் அங்கே லாதே என்ற ஊரின் யார்ல் ஹாகோன் சிகுர்ட்ஸன், அரசர் பட்டம் இல்லாமலே நாட்டின் பெரும்பகுதியை ஆண்டுகொண்டிருந்தார்.