மென்பொருளுக்குள் தேடல் வசதி: மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரிலுள்ள தந்தை ஒருவருக்குப் பதில்

வணக்கம் ஐயா. பாலிடெக்னிக்கில் கணினி படிக்கும் உங்கள் மகன் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு முழு உரைத் தேடலை (ஆவணங்களின் முழு உரைக்குள்ளும் சொற்களைத் தேடும் வசதியை) தேர்ந்தெடுத்திருப்பதாகவும், கூகுள் இருக்கும்போது இதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பொதுவெளியில் உள்ள பக்கங்களைத்தான் கூகுள் தேடித் தருகிறது. மருத்துவமனையின் நோயாளிக் குறிப்புகள், கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் கோப்புகள், வழக்கறிஞர் அலுவலக ஆவணங்கள் போன்றவற்றுக்கான தேடலை அந்தந்த மென்பொருளுக்குள்ளேயே ஒருவர் அமைத்துத் தர வேண்டியிருக்கிறது. ‘தேடல் பொறியாளர்’ என்ற பெயரில் வரும் வேலை விளம்பரங்கள் குறைவுதான். ஆனால் மென்பொருள் உருவாக்குநர் வேலைக்குச் செல்பவருக்கு இத்திறன் நல்ல பலம் என்பது என் உறுதியான கருத்து.

இனி எழுதுவதை மகனிடம் படிக்கக் கொடுங்கள். தரவுத்தளத்தில் ‘லைக்’ (LIKE) என்ற தேடல் கட்டளையில், தேடும் சொல்லுக்கு இருபுறமும் விழுக்காட்டுக் குறி (%) இட்டுத் தேடினால், வழக்கமான இண்டெக்ஸ் (விரைந்து தேட உதவும் அடைவு) பயன்படாமல் ஒவ்வொரு பதிவும் படிக்கப்படும். பதிவுகள் பெருகப் பெருக வேகம் குறையும். முழு உரைத் தேடலோ, நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போல, எந்தச் சொல் எந்தெந்த ஆவணத்தில் வருகிறது என்பதை முன்கூட்டியே தொகுத்து வைக்கிறது. கிடைத்தவற்றுள் எதை முதலில் காட்டுவது என்பதற்கு, அரிதான சொல்லுக்குக் கூடுதல் மதிப்பளிக்க வேண்டும் என்று கணினி அறிவியலாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் முன்வைத்த கருத்து இன்றும் அடித்தளமாக உள்ளது.

1999இல் டக் கட்டிங் தொடங்கிய லூசீன் என்ற தேடல் நிரல் தொகுப்பின் மீது கட்டப்பட்ட எலாஸ்டிக்சர்ச் என்ற தனித் தேடல் மென்பொருளை எடுத்தவுடன் நிறுவ வேண்டாம். அதைத் தனியே பராமரிக்கவும் தரவுத்தளத்தோடு ஒத்திசைக்கவும் வேண்டியிருக்கும். திட்டப்பணி அளவுக்குப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் உள்ள முழு உரைத் தேடல் வசதியே போதும்; கைப்பேசிச் செயலியானால் எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தின் எஃப்டிஎஸ்5 (FTS5) தேடல் பகுதி போதும்.

உங்கள் மகனுக்கு உண்மையான வாய்ப்பு மொழியில்தான் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி நூலகப் பட்டியலை எடுத்துக்கொண்டால், ‘தோட்டம்’ என்று தேடுபவருக்குத் ‘தோட்டத்தில்’, ‘தோட்டங்கள்’ ஆகியவையும் கிடைக்க வேண்டும். மலாய்ச் சொல்லான ‘பாச்சா’ (baca, படி) என்று தேடினால் ‘மெம்பாச்சா’ (membaca), ‘பெம்பாச்சா’ (pembaca) ஆகியவையும் வர வேண்டும். தமிழில் ஒட்டுகள் பெரும்பாலும் பின்னால் சேர்கின்றன, மலாய் மொழியில் முன்னாலும் சேர்கின்றன. 2019இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பில் தமிழுக்கும் இந்தோனேசிய மொழிக்கும் வேர்ச்சொல் பிரிப்பான்கள் (ஒட்டுகளை நீக்கி அடிச்சொல்லைத் தரும் நிரல்கள்) சேர்க்கப்பட்டன. மலாய்க்குத் தனியாக இல்லாததால் இந்தோனேசியப் பிரிப்பானை எடுத்து, அது எங்கெங்கே தவறுகிறது என்று சோதித்துக் குறித்து வைப்பதே நல்ல திட்டப்பணியாகும். நம்மவர் பெயர்களை ரோமன் எழுத்தில் ஒவ்வொரு பதிவேடும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பதால், மூன்று மூன்று எழுத்துகளாகப் பிரித்து ஒப்பிடும் டிரைகிராம் முறையையும் அவர் கற்க வேண்டும்.

தொடக்கநிலையில் பலர் கவனிக்காமல் விடுவது அனுமதி. ஒருவருக்குப் பார்க்க உரிமையில்லாத ஆவணத்தின் தலைப்புகூடத் தேடல் முடிவில் தோன்றக் கூடாது. நீக்கப்பட்ட பதிவு இண்டெக்ஸிலிருந்தும் நீங்க வேண்டும். நேர்முகத் தேர்வுக்குச் செல்லும்போது, நூலகத்துக்கு வரும் ஆசிரியர்களும் மாணவர்களும் உண்மையில் தேடிய சொற்களையும், ஒவ்வொன்றுக்கும் முதலில் வந்த முடிவுகள் சரியா தவறா என்பதையும் அட்டவணையாக்கி எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.