எல்லையோரப் பிள்ளைகளும் மொபைல் கேமும்: கேட்டதும் சொன்னதும்

பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை கேம் வந்த காலத்திலிருந்து ஆடுகிறவன். லீவு நாட்களில் பையன்களுக்கு கஸ்டம் ரூம் (நம் ஆட்கள் மட்டும் சேரும் தனி மேட்ச்) போட்டுப் போட்டி நடத்துவதும் உண்டு. நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. பெற்றோரும் பிள்ளைகளும் என்னிடம் கேட்டதற்கு நான் சொன்ன பதில்கள் இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (எருத்தேம்பதியிலிருந்து ஒரு அம்மா): பையன் ஒன்பதாவது படிக்கிறான். ஸ்கூல் விட்டு வந்தால் ராத்திரி சாப்பாடு வரை ஃப்ரீ ஃபயர்தான். இது அடிமைத்தனமா தம்பி?

அக்கா, எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் கேமிங் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2022 ஜனவரியில் அந்தப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதில் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள். நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட கேமே பெரிதாகிவிடுவது, கெடுதல் நடக்கிறது என்று தெரிந்தும் தொடர்வது. அதுவும் பொதுவாக ஒரு வருஷமாவது நீடித்திருக்க வேண்டும். லீவில் நாலு நாள் விழுந்து விழுந்து ஆடியதெல்லாம் இதில் சேராது.

அதனால் கேமைப் பார்க்காமல், அது உங்கள் வீட்டில் எதை வெளியே தள்ளியிருக்கிறது என்று பாருங்கள். தூங்குகிறானா? கிரவுண்டுக்குப் போவதை நிறுத்திவிட்டானா? சொந்தக்காரர் வீட்டுக்குக் கூப்பிட்டால், 'அங்கே நெட் கிடைக்குமா' என்றுதான் முதலில் கேட்கிறானா? இதில் தூக்கம்தான் முதல் புள்ளி. கடைக்கு வரும் பையன்களில் காலையில் கண் சிவந்து வருகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இன்னொன்று. மேட்ச் நடுவில் போனைப் பிடுங்காதீர்கள். நாலு பேர் ஸ்க்வாடாக இறங்கியிருப்பார்கள். ஒருத்தன் அடிபட்டு நாக் ஆகிக் கிடப்பான், அவனை ரிவைவ் பண்ண, அதாவது மறுபடி எழுப்ப, உங்கள் பையன் ஓடிக்கொண்டிருப்பான். அந்த நேரம் பார்த்து நீங்கள் போனை வாங்கினால் ராங்க் இறங்கும், கூட்டாளிகள் திட்டுவார்கள், அந்தக் கோபம் முழுக்க உங்கள் மேல் வரும். ஃப்ரீ ஃபயரில் ஒரு மேட்ச் பத்துப் பதினைந்து நிமிஷம். பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐயில் பெரிய மேப் என்றால் அரை மணி. "இந்த மேட்ச் முடிந்ததும் வை" என்று சொல்லிவிட்டு, அடுத்த மேட்ச் தொடங்கும் முன் லாபியிலேயே வாங்கிவிடுங்கள். சண்டை பாதியாகக் குறையும்.

கேள்வி: துப்பாக்கி கேம் ஆடினால் பையன் ரவுடி ஆகிவிடுவானா?

கேமுக்கும் நிஜமான அடிதடிக்கும் தொடர்பு காட்டப் போதுமான ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொல்லிவிட்டது. கத்துவது, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது இதெல்லாம் இருக்கும். கேரம் போர்டிலும் அது உண்டு.

கேள்வி (வேலந்தாவளத்திலிருந்து ஒரு சகோதரி): வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். ஆன்லைன் ரம்மியில் சம்பளம் போகிறது. தமிழ்நாட்டில்தான் தடை, கேரளாவுக்குள் வந்தால் ஒன்றுமில்லை என்கிறார். நிஜமா அண்ணா?

நிஜமில்லை அம்மா. ஆனால் அவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியை நிறுத்தியதிலிருந்து, செக்போஸ்ட்டைத் தாண்டி வந்து சீட்டு வாங்கிப் பழகிய ஊர்கள் நம்முடையவை. அந்தப் பழக்கத்தில்தான் ரம்மியையும் பார்க்கிறார்கள். நடுவில் கொஞ்ச காலம் குழப்பமும் இருந்தது. கேரள அரசு 2021 பிப்ரவரியில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மிக்குத் தடை போட்டது, செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது, அதுவும் கோர்ட்டுக்குப் போனது. வாளையாரைத் தாண்டிக் கேரளாவுக்குள் வந்ததும் சில ஆப்கள் திறக்கும், திரும்பிப் போனால் மூடும். போன் எங்கே நிற்கிறது என்பதைத்தான் அவை பார்த்தன, ரேஷன் கார்டு எந்த ஊர் என்பதை அல்ல.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதையும் நாட்டில் எங்கேயும் நடத்தக் கூடாது. நடத்துபவருக்கு 3 வருஷம் வரை சிறை, 1 கோடி வரை அபராதம். அந்தச் சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனை இல்லை. இதை வீட்டுக்காரரிடம் கட்டாயம் சொல்லுங்கள். போலீஸ் பயத்திலேயே பலர் நஷ்டத்தை மறைக்கிறார்கள், மறைக்க மறைக்கக் கடன் ஏறும்.

இப்போதும் டெலிகிராமில் லிங்க் அனுப்பி ஆப்பை ஏற்றச் சொன்னால் அது முழுத் திருட்டு. ஜெயித்த பணம் கைக்கே வராது. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள். போனில் லோன் ஆப் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். ரம்மிப் பிரச்சினை என்று கடைக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ரம்மியைத் தேடுவதற்கு முன் எனக்குத் தென்படுவது அதுதான். சம்பளம் உங்கள் கணக்குக்கு வர ஏற்பாடு செய்ய முடிந்தால் அதை முதலில் செய்யுங்கள்.

கேள்வி: பாட்டியின் பென்ஷன் கணக்கிலிருந்து பேரன் டைமண்ட் (ஃப்ரீ ஃபயருக்குள் செலவழிக்கும் காசு) வாங்கிவிட்டான். திரும்பக் கிடைக்குமா?

சூட்டோடு சூடாக பிளே ஸ்டோரில் ரீஃபண்ட் கேளுங்கள். நாள் கடந்தால் கஷ்டம். பிறகு ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி செட்டிங்கை மாற்றுங்கள். யுபிஐ பின் அவனுக்குத் தெரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். தானாகப் பணம் பிடிக்கும் ஆட்டோபே ஏதாவது ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

டைமண்டில் நேராக ஒரு உடை வாங்கினால் அது வெறும் செலவு. ஆனால் லக் ராயல் என்று சுற்றவிடுவார்கள், என்ன விழும் என்று தெரியாது. தேர்த்திருவிழாவில் வளையம் எறிகிற கடை மாதிரிதான். வித்தியாசம், இந்தக் கடை ராத்திரியும் மூடாது. எப்போது விழும் என்று தெரியாத பரிசுதான் மனுஷனை ரொம்ப நேரம் உட்கார வைக்கும். பெல்ஜியத்தில் 2018இலேயே காசுக்கு வாங்கும் இந்த மாதிரிப் பெட்டிகளைச் சூதாட்டக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். 'இலவச டைமண்ட்' என்று வரும் லிங்கைத் தொட்டால் கேம் ஐடியே, அதாவது கேம் கணக்கே, போய்விடும்.

கேள்வி (பிளஸ் டூ மாணவர்): அண்ணா, ஈஸ்போர்ட்ஸில் போகணும். அப்பா திட்டுகிறார்.

தம்பி, விளையாட்டு மதிப்பில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். ஹாங்சோ ஆசியப் போட்டியில் 2023இல் ஈஸ்போர்ட்ஸுக்கு, அதாவது போட்டியாக ஆடும் வீடியோ கேமுக்கு, பதக்கமே கொடுத்தார்கள். நான் மேலே சொன்ன 2025 சட்டமும் ஈஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரிக்கிறது. ஆனால் கணக்கைப் பார். பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள். மறு வருஷம் ஜூலையில் பிஜிஎம்ஐயாக வந்தது. 2022 ஜூலையில் அதுவும் ஸ்டோரிலிருந்து போய், 2023 மேயில் திரும்பியது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் போனது, இன்று நீங்கள் ஆடுவது ஃப்ரீ ஃபயர் மேக்ஸ். ஒரு உத்தரவில் மைதானமே காணாமல் போகிற விளையாட்டு வேறு ஏது?

அப்புறம் நம்ம ஊர் சிக்கல். எல்லையோரத்தில் இந்தப் பக்க டவரும் அந்தப் பக்க டவரும் மாறி மாறிப் பிடிக்கும், மாறுகிற நொடியில் பிங் (நெட் போய்வர ஆகும் தாமதம்) எகிறும், நீ சுட்டது அவனுக்குப் படாது. ஃபைபர் நெட் இல்லாமல் பெரிய ஸ்க்ரிம்ஸ் (டீம்களின் பயிற்சி மேட்ச்) ஆடவே முடியாது. டிகிரி ஓடட்டும், கூடவே ஆடு. வீடியோ எடிட்டிங், கேஸ்டிங் (மேட்ச் வர்ணனை) பழகு. கேம் போனாலும் அது கையில் நிற்கும். அப்பாவை ஒரு மேட்ச் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல். திட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஸ்க்ரீனைப் பார்த்ததே இல்லை.

கேள்வி (ஒரு தமிழ் மீடியம் ஆசிரியர்): இதில் நல்லதே இல்லையா?

இருக்கிறது சார். மலையாளம் பேசக் கூச்சப்பட்டு ஆபீஸ் வாசலில் நிற்கிற நம்ம பையன்கள், மலப்புறத்துப் பையன்களோடு மைக்கில் சரளமாகக் கத்துகிறார்கள். இந்தியும் அரைகுறையாக வருகிறது, பாதி கெட்ட வார்த்தைதான், இருந்தாலும். தோட்டத்து வீடுகளில் பக்கத்தில் சேர்ந்து விளையாட ஆள் இல்லாத பிள்ளைகளுக்கு இந்த ஸ்க்வாடுதான் சாயங்காலத் திண்ணை. அதைச் சட்டென்று பறித்தால் அந்த இடத்தில் எதை வைப்பீர்கள் என்றும் யோசிக்க வேண்டும்.

கேள்வி (ஒரு மாணவி): மைக் ஆன் பண்ணினாலே அசிங்கமாகப் பேசுகிறார்கள்.

ரேண்டம் ஸ்க்வாடில் மைக்கைத் திறக்காதே, தெரிந்த நாலு பேரோடு மட்டும் ஆடு. பேசினவனை ம்யூட், ரிப்போர்ட், பிளாக். நம்பரோ போட்டோவோ கேட்டு மிரட்டினால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு வீட்டில் சொல். தப்பு உன்னுடையது இல்லை.

கேள்வி: பையன் கை மீறிவிட்டான். எங்கே போவது?

டிஜிட்டல் அடிமைத்தனத்திலிருந்து பிள்ளைகளை மீட்கும் கேரள போலீஸின் டி-டாட் மையம் நமக்குப் பக்கம் என்றால் திருச்சூரில் இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கவுன்சலிங், காசு இல்லை. போலீஸ் என்ற பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், கேஸ் எதுவும் போட மாட்டார்கள். தமிழிலேயே பேச வேண்டும் என்றால் மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. ரொம்ப முற்றிய நிலை என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் ஷட் கிளினிக் நடக்கிறது.

கேள்வி: சீனா மாதிரி வாரம் மூன்று மணி நேரம் என்று சட்டம் போட்டால் என்ன?

சீனாவில் 2021இல் பிள்ளைகளுக்கு அப்படிப் போட்டார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு, இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை. தென் கொரியா அதற்கு முன்பே நள்ளிரவுத் தடை வைத்திருந்து, பத்து வருஷம் பார்த்துவிட்டு 2022இல் எடுத்தேவிட்டது. இங்கே போட்டால் அப்பா பேரில் ஐடி திறப்பார்கள். இப்போதே பாதி ஐடி அப்பா பேரில்தான் இருக்கிறது.