ஒண்டுக்குடித்தனம்

வணக்கம். செங்கடல் பற்றிய கட்டுரையில், வல்லரசுகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் சின்ன நாடுகள் வெறும் பகடைக்காய்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆப்பிரிக்கக் கரையில், செங்கடலின் வாசலில் இருக்கும் ஜிபூட்டியைப் பாருங்கள். ஏறக்குறைய பத்து லட்சம் பேர்தான். அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், இத்தாலி, சீனா என்று வரிசையாகப் படைத்தளம் வைத்திருக்கிறார்கள். யார் பக்கமும் சாயாமல் காசு பார்ப்பது சாமர்த்தியம் இல்லையா?

ரா., கோவை

அன்புள்ள ரா.,

'வெறும் பகடைக்காய்' என்றது அவசரம்தான், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஜிபூட்டி வீட்டுக்காரர். அதுவும் ஒண்டுக்குடித்தன வீட்டுக்காரர்.

வீடு இருக்கும் இடம் அப்படி. செங்கடலின் தெற்கு வாசலான பாப் அல் மண்டப் நீரிணை குறுகலான இடத்தில் சுமார் 30 கிலோமீட்டர்தான். சூயஸ் போகிற கப்பல் அந்த வழியாகத்தான் போக வேண்டும். பிரெஞ்சு அந்நியப் படையணி இருந்த லெமோனியே முகாமில் இப்போது அமெரிக்கர்கள் இருக்கிறார்கள். 2014இல் குத்தகையைப் புதுப்பித்தபோது அவர்களுடைய வாடகை ஆண்டுக்குச் சுமார் 6.3 கோடி டாலராக ஏறியது. கடற்கொள்ளையரைக் காரணம் சொல்லி 2011இல் ஜப்பான் வந்தது. 2017இல் சீனா வந்தது, அதற்கு அதுதான் முதல் வெளிநாட்டுத் தளம்.

குடித்தனக்காரர்களுக்குள் சண்டை வராமல் இருக்குமா? 2018இல், தரையிறங்க வந்த அமெரிக்க விமானத்தின் மீது சீனத் தளத்திலிருந்து லேசர் ஒளி அடித்தார்கள், இரண்டு விமானிகளுக்குக் கண்ணில் காயம் என்றது அமெரிக்கா. இல்லவே இல்லை என்றது சீனா.

ஆனால் ஆபத்துக்கு உதவுகிற வீடும்தான். 2015இல் ஏமனின் ஏடனில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது இந்தியக் கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். சுமித்ரா முதல் நடையில் 349 பேரை ஏற்றிவந்து இறக்கியது ஜிபூட்டியில்தான். அங்கிருந்துதான் விமானப்படை அவர்களைக் கொச்சிக்கும் மும்பைக்கும் கொண்டுவந்தது. சீனாவும் தன் ஆட்களை அங்கேதான் கொண்டுவந்து இறக்கியது.

சரி, சாமர்த்தியம் என்றே வைத்துக்கொள்வோம். யாருடைய சாமர்த்தியம்? 1977இல் சுதந்திரம் வந்ததிலிருந்து இரண்டே அதிபர்கள். இரண்டாமவர் முதலாமவரின் உறவினர், 1999 முதல் பதவியில் இருக்கிறார். இத்தனை முறைதான் நிற்கலாம் என்ற வரம்பை 2010இல் எடுத்துவிட்டார்கள். குடியிருப்பவர்கள் யாரும் இதைப் பெரிதாகக் கேட்பதில்லை. வீட்டுக்காரரைப் பகைத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? வாடகையில் அந்த மௌனமும் சேர்த்தி என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. ஜிபூட்டியின் பிழைப்பே இந்த வாடகை இல்லை, எத்தியோப்பியாவின் சரக்கு. 1993இல் எரித்ரியா பிரிந்ததும் எத்தியோப்பியாவுக்குக் கடற்கரையே இல்லாமல் போயிற்று. 1998இல் இருவருக்கும் போர் மூண்டதும் எரித்ரியத் துறைமுகங்களும் மூடின. இன்று எத்தியோப்பியாவின் வணிகத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஜிபூட்டி வழியாகத்தான். சீனா கட்டிய அடிஸ் அபாபா ரயில் பாதையும் இதை நம்பித்தான்.

2024 ஜனவரியில் அந்த எத்தியோப்பியா கடல்வழிக்காக, சோமாலியாவிலிருந்து பிரிந்துவிட்டதாகச் சொல்லும் சோமாலிலாந்துடன் ஓர் ஒப்பந்தம் போட்டது. இந்த விஷயத்தில் ஐந்து தளங்களில் எதுவும் வீட்டுக்காரருக்கு உதவாது. அந்த ஆகஸ்ட் முடிவதற்குள், எங்கள் தஜூரா துறைமுகத்தை நீங்களே நடத்திக்கொள்ளுங்கள் என்று எத்தியோப்பியாவிடம் ஜிபூட்டி சொல்லிவிட்டது.